கழற்றினால் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு வராதே

அன்புள்ள தம்பிக்கு,

பனியன் கம்பெனியில் துணி வெட்டுவதற்கான மார்க்கர் வரைபடம் போடும் அறையில் இருக்கும் கம்ப்யூட்டர், அதை அச்சிடும் பிளாட்டரின் யூஎஸ்பி கேபிள் மாட்டியிருந்தால் ஆன் ஆவதில்லை, உருவிவிட்டால் ஆகிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். "காலையில கேபிளை உருவிட்டு ஆன் பண்ணுங்க, விண்டோஸ் வந்த பொறகு மாட்டிக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்தாய்; முதலாளிக்கு அதுவே சந்தோஷம்; உனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஒப்பாத அந்த மனசுக்குத்தான் இந்தக் கடிதம். உன்னைப் போலவே தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு நம் பனியன் ஊரின் அவிநாசி ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும் பைக்கில் அலையும் மற்ற கம்ப்யூட்டர் சர்வீஸ் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

கழற்றினால் ஓடுகிறது என்பது ஒரு தகவல். பழுது எங்கே என்று அது இன்னும் சொல்லவில்லை. பிளாட்டரும் கம்ப்யூட்டரும் சேரும்போது கோளாறு வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். கோளாறு பிளாட்டரில் இருக்கலாம், கேபிளில் இருக்கலாம், போர்டில் இருக்கலாம், சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் இருக்கலாம், கம்ப்யூட்டரை எழுப்பும் பயாஸில் யாரோ மாற்றிவைத்த ஒரு வரியில்கூட இருக்கலாம். கழற்றி மாட்டச் சொல்லிவிட்டு வந்தால், அந்தப் பழுதின் செலவை வேறு ஒருவர் தினமும் கட்டுகிறார். மார்க்கர் போடும் பெண் காலையில் வந்ததும் மேஜைக்கு அடியில் குனிந்து கையால் துழாவி கேபிளை உருவ வேண்டும், பிறகு மறுபடி குனிந்து மாட்ட வேண்டும். ஆறு மாதத்தில் போர்ட் ஆட ஆரம்பிக்கும். பிறகு கழற்றினாலும் ஓடாது.

இப்படி ஒரு கோளாறு வருவது நம் ஊருக்கு மட்டுமான அவமானமும் இல்லை. யூஎஸ்பியின் முதல் வரையறை வெளியானது 1996 ஜனவரியில். இன்டெல்லில் அந்த வேலைக்கு முன்னால் நின்றவர்களில் ஒருவர் வடோதராவில் படித்த அஜய் பட். எந்தச் சாதனத்தையும் எப்போது வேண்டுமானாலும் சொருகலாம் என்பதுதான் அவர்கள் கொடுத்த வாக்கு. 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவில் காம்டெக்ஸ் கண்காட்சியில், வெளிவரப்போகும் விண்டோஸ் 98-ஐ மேடையில் காட்டினார்கள். பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, கிறிஸ் கப்போசெலா என்ற மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒரு ஸ்கேனரின் யூஎஸ்பி கேபிளைச் சொருகினார். திரை முழுவதும் நீலமாகிவிட்டது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு அனுப்பவில்லை போலிருக்கிறது என்று கேட்ஸ் சமாளித்தார். விண்டோஸைச் செய்த கம்பெனியின் மேடையிலேயே அப்படி என்றால், பஞ்சு பறக்கும் தளத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் தடுமாறுவதில் வியப்பில்லை. இன்னொன்றையும் கவனி. சொருகியதும் வேலை செய்யும் என்ற வாக்கு, ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்குத்தான் முழுதாகப் பொருந்தும். பவர் பட்டனை அழுத்திய நொடியிலிருந்து விண்டோஸ் கையில் எடுக்கும் வரை உள்ள அந்தச் சிறு இடைவெளியில் கம்ப்யூட்டர் யார் சொல்வதையும் நம்பும். நமக்கு வேலை வைப்பது பெரும்பாலும் அந்த இடைவெளிதான்.

ஆகவே போனதும் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதே. கேபிளை மாட்டிய நிலையிலேயே ஆன் செய்து, கையைக் கட்டிக்கொண்டு பார். எங்கே நிற்கிறது? ஃபேனே சுற்றவில்லையா? ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாகவே இருக்கிறதா? கம்பெனி லோகோ வந்து உறைந்துவிட்டதா? கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதாவது வருகிறதா? விண்டோஸின் வட்டப் புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றனவா? ஐந்தும் ஐந்து வேறு பழுது. வாடிக்கையாளர் எல்லாவற்றையும் "ஆன் ஆகலீங்க" என்ற ஒரே சொல்லில் சொல்வார். அது அவர் தவறில்லை, அவருடைய தொழில் பனியன். பிரித்துப் பார்ப்பது உன் தொழில்.

வெள்ளை எழுத்து வந்தால் மகிழ்ச்சியடை, கம்ப்யூட்டர் பேசுகிறது. "ரிமூவ் டிஸ்க்ஸ் ஆர் அதர் மீடியா" என்றோ, "ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்" என்றோ, "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்" என்றோ வரும். பழைய வகை பயாஸ் எழுந்ததும் தன் பட்டியலில் முதலில் இருக்கும் சாதனத்துக்குப் போய் அதன் முதல் 512 பைட்டைப் படிக்கும். அந்த 512-இன் கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இருந்தால் மறுகேள்வி கேட்காமல் கட்டுப்பாட்டை அதனிடம் கொடுத்துவிடும். கேட்பாஸில் சீல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வண்டியை உள்ளே விடும் வாட்ச்மேன் போல. வண்டிக்குள் என்ன இருக்கிறது என்பது பயாஸுக்குத் தெரியாது. விண்டோஸில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் பலவற்றில் அந்த சீல் இருக்கும். உள்ளே இருப்பது எம்பிராய்டரி டிசைன்தான், விண்டோஸ் இல்லை. ஆனால் பயாஸ் உள்ளே விட்டுவிட்டது. அங்கே இருக்கும் சின்னஞ்சிறு நிரல் "டிஸ்க்கை எடு" என்று ஒரு வரியை எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. ஹார்ட் டிஸ்க் நன்றாக இருக்கிறது, விண்டோஸ் நன்றாக இருக்கிறது, அதுவரை போகத்தான் வழி இல்லை. இந்த இடத்தில் விண்டோஸை மறுபடி போட்டுப் பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நீ அந்த வரிசையில் சேராதே.

பென்டிரைவ்தான் என்று இல்லை. பிரிண்டருக்குள் இருக்கும் மெமரி கார்டு ஸ்லாட், சார்ஜுக்குப் போட்டிருக்கும் மொபைல், பேக்கப் எடுக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், எல்லாமே பயாஸின் கண்ணுக்கு டிஸ்க்காகத் தெரியலாம். பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த புது யூஇஎஃப்ஐ போர்டுகள் அந்த 512 பைட்டைப் பார்ப்பதில்லை. யூஎஸ்பியில் ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டருக்குள் பூட் ஃபைல் இருக்கிறதா என்று தேடும். அப்படிப்பட்ட பென்டிரைவ் பனியன் கம்பெனியில் எங்கிருந்து வரும் என்று நினைக்காதே. முன்பு வந்த சர்வீஸ் பையன் விண்டோஸ் போட்டுவிட்டு பின்பக்கத்தில் மறந்துவிட்டுப் போனதாக இருக்கும்.

தீர்வு பயாஸில் இருக்கிறது. பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரையோ ஹார்ட் டிஸ்க்கையோ முதலில் வை. யூஎஸ்பியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடு. உனக்குத் தேவைப்படும்போது எஃப்12-ஓ எஃப்11-ஓ அழுத்தி மெனு கொண்டுவந்துகொள்ளலாம். பழைய போர்டுகளில் ஒரு கண்ணி உண்டு. பூட் வரிசையில் "ஹார்ட் டிஸ்க்" என்று சரியாகவே இருக்கும். ஆனால் ஹார்ட் டிஸ்க்குகளுக்குள் எது முதல் என்று இன்னொரு உள்மெனு இருக்கும். பென்டிரைவை ஹார்ட் டிஸ்க் இனத்தில் சேர்த்து அந்த உள்மெனுவில் மேலே ஏற்றிவிடும் பயாஸ்கள் உண்டு. சாதனத்தை மாட்டிய நிலையில் பயாஸுக்குள் போனால்தான் அது தெரியும். கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும், நீயும் குழம்பிவிடுவாய்.

இதை ஒட்டி ஒன்று சொல்ல வேண்டும். மங்கலம் ரோட்டில் ஒரு எம்பிராய்டரி யூனிட். வாரம் முழுவதும் கம்ப்யூட்டர் நன்றாக ஓடும். திங்கட்கிழமை காலையில் மட்டும் டிசைன் பென்டிரைவோடு எழாது. சர்வீஸுக்கு வந்தவர் பயாஸில் வரிசையைச் சரிசெய்வார், நாலைந்து முறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக் காட்டுவார், போய்விடுவார். அடுத்த திங்கள் அதே கதை. ஹார்ட் டிஸ்க்கை மாற்றினார்கள். விண்டோஸை மாற்றினார்கள். கடைசியில் போர்டை மாற்ற வேண்டும் என்று பேச்சு வந்தது. நான் போனபோது கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் அங்கே உட்கார்ந்து டிசைன் எடுக்கும் பெண்ணிடம், திங்கட்கிழமை வந்ததும் நீ என்னவெல்லாம் செய்வாய் என்று கேட்டேன். "வந்ததும் தேதி மாத்தோணுங்க. திங்கக்கெழமயானா தேதி பழசுக்குப் போயிருதுங்க, நாந்தானுங்க மாத்தி வெக்கறேன்" என்றது அந்தப் பெண். பழுது முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி செத்துவிட்டது. சிஆர்2032 என்போமே, 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட். தேதியையும் பயாஸில் நாம் வைக்கும் மாற்றங்களையும் கரன்ட் இல்லாதபோது காப்பது அதுதான். வார நாட்களில் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்தாலும் சுவரில் சுவிட்ச் ஆனில் இருக்கும். பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் கொடுக்கும் ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டில் பேட்டரியின் வேலை நடந்துவிடும். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் போட்டு முடித்ததும் யூனிட்டின் மெயினையே இறக்கிவிடுகிறார்கள். ஞாயிறு முழுவதும் செத்த பேட்டரியை நம்பி இருந்ததில் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, தயாரித்த கம்பெனி வைத்த பழைய வரிசைக்குப் போய்விடுகிறது. அந்த வரிசையில் யூஎஸ்பி முதலில். வந்தவர்கள் எல்லாரும் சுவிட்சை அணைக்காமலே ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்ததால் யாருக்கும் பிடிபடவில்லை. அந்தப் பெண் வாராவாரம் தேதியை மாற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. தம்பி, முதலாளியிடம் பேசு, மேனேஜரிடம் பேசு. ஆனால் அந்த நாற்காலியில் தினமும் உட்காருபவரிடம் பேசாமல் பழுதைப் பார்க்கத் தொடங்காதே. அவர்களுக்கு பயாஸ் என்ற பெயர் தெரியாது. எந்தச் சத்தம் எப்போது வந்தது, எந்த விளக்கு எரிந்தது, எதைத் தட்டினால் ஓடுகிறது என்று எல்லாம் தெரியும்.

இந்த பென்டிரைவ் பழுதின் மூத்த வடிவத்தை எம்பிராய்டரி மெஷின்களோடு பழகிய பெரியவர்கள் அறிவார்கள். டிசைன் எல்லாம் ஃப்ளாப்பியில் வந்த காலம். ஃப்ளாப்பியை டிரைவிலேயே விட்டுவிட்டு மறுநாள் ஆன் செய்தால் "நான்-சிஸ்டம் டிஸ்க்" என்று நின்றுவிடும். எடுத்துவிட்டு ஏதாவது ஒரு கீயைத் தட்டினால் ஓடும். அந்த ஒரு வரி பார்க்கச் சாது. ஆனால் அது திரையில் வரும்போது ஃப்ளாப்பியின் முதல் செக்டரில் இருந்த நிரல் ஏற்கெனவே ஒருமுறை ஓடி முடிந்துவிட்டது. 1986-இல் லாகூரில் அல்வி சகோதரர்கள் எழுதிய பிரெய்ன் வைரஸ் உலகம் சுற்றியது இந்த வழியில்தான். ஃப்ளாப்பியில் சிஸ்டம் இருக்க வேண்டும் என்ற அவசியமே அதற்கு இருக்கவில்லை, மறந்து விடப்பட்டிருந்தால் போதும். யூஎஸ்பியைப் பூட் வரிசையிலிருந்து எடு என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் ஒரே பென்டிரைவ் எத்தனை கைமாறுகிறது என்பதை நீயே பார்த்திருப்பாய்.

லோகோவிலேயே உறைந்து நிற்பது அடுத்த வகை. பயாஸ் ஒவ்வொரு யூஎஸ்பி சாதனத்தையும் நீ யார் என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறது. ஏதோ ஒன்று பதில் சொல்லவில்லை, அல்லது பயாஸுக்குப் புரியாத மாதிரி சொல்கிறது. நாலைந்து ஸ்லாட் உள்ள கார்டு ரீடர், ஹப்புக்குள் ஹப் மாட்டியது, சாகக் கிடக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஆகியவை இதில் பழைய குற்றவாளிகள். யூஎஸ்பி 3 போர்ட்டிலிருந்து யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றிப் பார். பயாஸில் "லெகசி யூஎஸ்பி சப்போர்ட்", "எக்ஸ்எச்சிஐ ஹேண்ட் ஆஃப்" என்று இருப்பவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். லெகசியை அணைத்தால் சில போர்டுகளில் யூஎஸ்பி கீபோர்டு பயாஸுக்குள் வேலை செய்யாது, அதை மனதில் வை. பயாஸ் அப்டேட் செய்தாலே தீரும் பழுதுகளும் உண்டு, ஆனால் நல்ல யூபிஎஸ் பின்னால் இருந்தால் மட்டும் அதில் கை வை. பாதியில் கரன்ட் போனால் போர்டு போச்சு.

பேக்கிங் செக்‌ஷனில் பார்கோடு ஸ்கேனரை மறக்காதே. கம்ப்யூட்டருக்கு அது இன்னொரு கீபோர்டு. தானாகவே படிக்கும் நிலையில் வைத்து, அதன் முன்னால் ஒரு பாலிபேக் லேபிளும் கிடந்தால், கம்ப்யூட்டர் எழும் நேரத்தில் அது எண்களை அடித்து என்டரும் தட்டிக்கொண்டே இருக்கும். நிஜக் கீபோர்டின் மேல் அட்டைப்பெட்டி சாய்ந்திருந்தாலும் இதே விளைவுதான். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் ஷிப்மென்ட் நாளில் மேஜை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

இனி கரன்ட். இந்த ஊரில் நம் பிள்ளைகள் போதிய அக்கறை காட்டாத இடம் இதுதான் என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கேபிளை மாட்டினால் ஃபேன்கூடச் சுற்றவில்லை, அல்லது சுற்றி உடனே நிற்கிறது என்றால் பயாஸை விடு, மல்டிமீட்டரை எடு. சில போர்டுகள் "யூஎஸ்பி டிவைஸ் ஓவர் கரன்ட்" என்று எழுதி 15 செகண்டில் தாமே அணைந்துவிடும். எல்லா போர்டும் அவ்வளவு நாகரிகமாகச் சொல்லாது. யூஎஸ்பி 2 போர்ட் கொடுக்க வேண்டியது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3 என்றால் 900. ஷார்ட் ஆன கேபிள் இழுப்பதற்கு அளவில்லை. கேபிளைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டு, அதன் முனையில் 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஓம் பார். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஷார்ட். முன்பக்க போர்ட்டுகளை டார்ச் அடித்துப் பார். உள்ளே இருக்கும் நாக்கு உடைந்து பின்கள் வளைந்து தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், அதன் மேல் பஞ்சு அடைத்திருக்கும். நிட்டிங் தளத்தின் பஞ்சு சாதாரண தூசி இல்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து உள்ளே படியும், ஈரத்தை இழுக்கும், எஸ்எம்பிஎஸ் ஃபேனைக் கட்டிப்போடும். போர்ட் ஒருமுறை ஷார்ட் ஆனதும் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதே. பல போர்டுகளில் யூஎஸ்பி வழிக்குத் தானாக மீளும் ஃபியூஸ் இருக்கிறது. பவர் கார்டை உருவி, ஆறவிட்டுப் பார்த்தால் உயிர் வந்திருக்கும்.

ஒரு போர்ட்டைக் கொன்ற சாதனத்தைச் சந்தேகம் தீர்த்துக்கொள்ள அதே கம்பெனியின் இன்னொரு கம்ப்யூட்டரில் சொருகிவிடாதே. உன் பையில் பழைய ஹப் ஒன்று இருக்கட்டும். போனால் அது போகட்டும்.

எதிர்த்திசையிலும் கரன்ட் வரும். சொந்த அடாப்டர் உள்ள மலிவான ஹப்பும் சில பிரிண்டர்களும் யூஎஸ்பி வழியாகத் தங்கள் 5 வோல்ட்டைக் கம்ப்யூட்டருக்குள் தள்ளும். வரையறைப்படி அது கூடாது, விலையைக் குறைக்க நடுவில் இருக்க வேண்டிய தடுப்பை விட்டுவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் அணைந்தும் அணையாமல் அரை உயிரில் கிடக்கும், அந்த நிலையிலிருந்து ஒழுங்காக எழத் தெரியாது. சோதனை எளிது. கம்ப்யூட்டரின் பவர் கார்டை முழுதாக உருவிவிடு, சந்தேகப்படும் சாதனத்தை மாட்டி ஆன் செய். போர்டில் விளக்கு எரிந்தாலோ ஃபேன் அசைந்தாலோ ஆளைப் பிடித்துவிட்டாய். பாரலல் போர்ட்டில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மாட்டியிருந்த காலத்திலும் இந்தத் தொல்லை இருந்தது.

சாதனத்தில் ஒன்றுமே இல்லாமல் எஸ்எம்பிஎஸ் தளர்ந்திருப்பதும் உண்டு. கெப்பாசிட்டர் காய்ந்து 5 வோல்ட் தாழ்ந்துகொண்டிருக்கும். தனியாக எழும் அளவுக்குத் தெம்பு இருக்கும். எக்ஸ்டர்னல் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் விழுந்துவிடும். அப்போது பழியைச் சுமப்பது டிஸ்க், குற்றம் எஸ்எம்பிஎஸ்ஸுடையது. ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டை சாதனம் இல்லாமல் ஒருமுறை, மாட்டி ஒருமுறை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

பிறகு எர்த். பெரிய பிளாட்டரும் கம்ப்யூட்டரும் ஒரே அறையில் இருந்தாலும் வெவ்வேறு பிளக் பாயின்ட்டில் இருக்கும்; சில சமயம் வெவ்வேறு ஃபேஸ். எர்த் பின் ஒடிந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று நடுவில் இருக்கும். எர்த் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸின் உடம்பில், அதற்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாக, 230 வோல்ட்டின் பாதி அளவு தெரியும். கரன்ட் சொற்பம், தொட்டால் சுருக்கென்று இருக்கும். "கேபினட் லேசா ஷாக் அடிக்குதுங்க" என்று சொல்வார்களே, அதுதான். ஒன்றுக்கு எர்த் இருந்து மற்றதற்கு இல்லாதபோது யூஎஸ்பி கேபிளைச் சொருகினால், இரண்டு உடம்புக்கும் இருக்கும் வித்தியாசம் முழுவதும் அந்த மெல்லிய கேபிள் வழியாகத்தான் பாயும். போர்ட் ஒரே நாளில் போகலாம், கொஞ்சம் கொஞ்சமாகவும் நோகலாம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளந்து பார். 2, 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. அதிகம் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் ஊர் இது. கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும், தண்ணீர் ஊற்ற யாருக்கும் நினைவு வராது. 2012-ஐ ஒட்டிய மின்வெட்டில் பல கம்பெனிகள் ஜெனரேட்டரில்தான் ஓடின. அப்போது அவசரத்தில் இழுத்த ஒயரிங் இன்னும் அப்படியே இருக்கும் இடங்களும் உண்டு. ஈபி கரன்ட்டில் ஒழுங்காக ஓடும் கம்ப்யூட்டர் ஜெனரேட்டரில் மட்டும் தகராறு செய்கிறதா என்று கட்டாயம் கேள். பிளாட்டரையும் கம்ப்யூட்டரையும் ஒரே யூபிஎஸ்ஸிலிருந்து, ஒரே எர்த்தில் எடுக்க முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். முடியாத இடத்தில் யூஎஸ்பி ஐசோலேட்டர் என்று ஒன்று வருகிறது. சாதாரண வகை 12 மெகாபிட் வேகத்தில்தான் ஓடும். எடை மெஷினுக்கும் லேபிள் பிரிண்டருக்கும் தாராளம்.

விண்டோஸ் வரை வந்து தடுமாறும் பழுதுகளில் டிரைவர், சேஃப் மோடு எல்லாம் உனக்கே தெரியும். உன் வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். துணி குடோனில் ரோல் எடை போடும் எலக்ட்ரானிக் தராசு சீரியல் போர்ட்டில் மாட்டியிருக்கும், அல்லது சீரியலை யூஎஸ்பியாக்கும் கன்வர்ட்டர் வழியாக. கம்ப்யூட்டர் எழுந்ததும் மவுஸ் அம்பு பேய் பிடித்தது போலத் திரை முழுவதும் ஓடும், கண்டதைக் கிளிக் செய்யும். வைரஸ் என்று ஃபார்மட் அடித்துவிடுவார்கள். நடப்பது வேறு. அந்தக் காலத்தில் மவுஸ் சீரியல் போர்ட்டில் வந்தது. விண்டோஸ் இன்றும் எழும்போது அங்கே மவுஸ் இருக்கிறதா என்று தேடுகிறது. தராசு இடைவிடாமல் எடையை அனுப்பும் நிலையில் இருந்தால் அந்த எண்களை மவுஸின் அசைவு என்று எடுத்துக்கொள்கிறது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மவுஸ்களுக்குக் கீழே "மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயின்ட்" என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். அதை டிசேபிள் செய். அன்இன்ஸ்டால் செய்தால் திரும்பி வந்துவிடும். கூடவே தராசை, பட்டன் அழுத்தினால் மட்டும் எடை அனுப்பும் நிலைக்கு மாற்றிவிடு. விண்டோஸ் என்டி காலத்தில் இதே தேடல் இன்னும் கொடுமையாக இருந்தது. மவுஸைத் தேடி சீரியல் போர்ட்டில் அனுப்பிய சிக்னலை, அங்கே மாட்டியிருந்த யூபிஎஸ் "அணைந்துகொள்" என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டு கரன்ட்டை நிறுத்திவிடும். ஆன் செய்தால் ஆஃப் ஆகும் கம்ப்யூட்டர்! அதைத் தடுக்க பூட்.ஐஎன்ஐ ஃபைலில் "நோ சீரியல் மைஸ்" என்று ஒரு கட்டளையை மைக்ரோசாஃப்டே வைத்திருந்தது.

உன் மார்க்கர் அறைக்கு வருகிறேன். நீ எழுதியதில் ஒரு விவரம் இருக்கிறது: திரை கறுப்பு, எழுத்து எதுவும் இல்லை, கீபோர்டு விளக்கு மட்டும் எரிகிறது. பூட் வரிசைப் பழுது இப்படி இருக்காது. அந்தக் கீபோர்டு விளக்கு பவர் கார்டை உருவிய பிறகும் எரிகிறதா என்று பார், அங்கிருந்து தொடங்கு. ஆனால் வரும் வியாழன் அவர்களுக்கு ஷிப்மென்ட் என்றாயே, அதற்கு முன் போய் எதையும் பிரிக்காதே. அதுவரை கழற்றி மாட்டியே ஓட்டட்டும், மார்க்கர் நிற்கக் கூடாது. கட்டிங் நின்றால் தையல் நடக்கும் பவர் டேபிளில் அத்தனை பேரும் சும்மா உட்கார வேண்டும், பீஸ் ரேட்டில் இருப்பவர்களுக்கு அன்றைய கூலி போய்விடும். ஷிப்மென்ட் போனதும் முதலாளியிடம் இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கு. வேலையை ஓடவைப்பது ஒன்று, பழுது பார்ப்பது இன்னொன்று என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடு. பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள், அவர்களும் மெஷின் வைத்திருப்பவர்கள்தானே. கம்ப்யூட்டருக்குள் கை வைப்பதற்கு முன் மார்க்கர் ஃபைல்களையும் பேட்டர்ன்களையும் ஒரு காப்பி எடுத்துக்கொள். மார்க்கர் மென்பொருளின் லைசென்ஸ் டாங்கிளை நீயே கழற்றி, நீயே பத்திரமாக வைத்து, நீயே திரும்ப மாட்டு.

பழுது தீர்ந்த பிறகு, எல்லாச் சாதனத்தையும் மாட்டிய நிலையில், சுவர் சுவிட்சை அணைத்து, கொஞ்ச நேரம் விட்டு, ஆன் செய்து பார். முடிந்தால் மெயின் இறங்கி ஏறிய ஒரு திங்கட்கிழமை காலையில் போன் செய்து கேள். கேபினட்டின் பக்கவாட்டில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, பயாஸில் எதை மாற்றினாய், பேட்டரி எந்தத் தேதியில் போட்டாய் என்று எழுதிவை. உனக்குப் பிறகு வேறொரு பையன் வரலாம், அவனும் நம் ஆள்தான்.

பில் போடும்போது "கம்ப்யூட்டர் சர்வீஸ்" என்று ஒரு வரியில் முடித்துவிடாதே. என்ன பழுது, எதனால், என்ன செய்தாய் என்று தமிழிலேயே எழுது. பேட்டரி மட்டும்தான் போட்டாய் என்றால் பேட்டரிக்கு அதன் விலையை எழுது, அதற்குக் கீழே கண்டுபிடித்ததற்கான உன் கூலியைத் தனியாக, கூச்சப்படாமல் எழுது. அந்த பில்லின் இன்னொரு காப்பியை மார்க்கர் போடும் அந்தப் பெண்ணின் மேஜையிலும் வைத்துவிட்டு வா.

அன்புடன்,
உன் அண்ணன்